ரொட்டி அறுக்கிறவன்

ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைத் தன் பக்கமாகவே இழுக்கிறானே இந்த ஆள், கொஞ்சம் சறுக்கினால் நெஞ்சுக்குழியில் அல்லவா இறங்கும், பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள், அவளாவது பார்த்துச் சொல்ல வேண்டாமா, அவள் பாட்டுக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கிறாள்... வள்ளியாத்தாள் படம் அச்சடித்த துண்டைப் புரட்டினாள், பின்பக்கம் பார்த்தாள், ஓரத்தையலை விரலால் ஓட்டிப் பார்த்தாள், ஒரு பிசிறு, கத்தரியால் நறுக்கினாள், மடித்து வலப்பக்கம் வைத்தாள். அடுத்தது. அதிலும் அதே ஆள், அதே ரொட்டி, அதே கத்தி. காலை ஒன்பது மணியிலிருந்து இவன் அறுக்கிறான், ஒரு துண்டும் யார் வாய்க்கும் போய்ச் சேரவில்லை. காலடியில் ஒரு பொடிசு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, தரையில் இன்னொன்று நாய்க்கு எதையோ ஊட்டுகிறது, நாய்க்குக் கூடக் கிடைத்துவிட்டது, நிற்கிற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

குமாரபாளையத்துக்கு வெளியே பைபாஸ் ஓரம் தகரக் கூரை போட்ட எக்ஸ்போர்ட் கம்பெனி, அதில் செக்கிங் டேபிளில் அவளுக்குப் பதினான்கு வருசம். வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி கறை, ஓட்டை, நூல் விடுதல், மை கசிவு என்று தேடித் தேடி, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தலைமுடி கனத்தில் ஒரு கோடு இழுத்திருந்தாலும் வள்ளியக்கா கண்ணுக்குத் தப்பாது என்று பேர். இந்த மாசம் ஹாலந்துக்காரன் ஆர்டர், சமையல்கட்டில் பாத்திரம் துடைக்கிற துண்டு, துண்டுக்கு ஒரு படம். முந்நூற்றைம்பது வருசத்துப் படமாம், சூப்பர்வைசர் வளவன் முதல் நாளே சொன்னான், செப்புத் தகட்டில் மெழுகு பூசி, மெழுகின் மேல் ஊசியால் கீறி, தகட்டை ஆசிட்டில் முக்கிவிடுவார்களாம், கீறின இடத்தை மட்டும் ஆசிட் தின்னுமாம், தின்ற பள்ளத்தில் மை நிற்குமாம், அதைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தால் படமாம். அவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருசம் சாயப்பட்டறையில் கை முக்கி எடுத்தவள், ஆசிட் எதைத் தின்னும் எப்படித் தின்னும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நகக்கண்ணில் இன்னும் பள்ளம் இருக்கிறது. அப்படியென்றால் இந்த வீடு, இந்தப் பெண்டாட்டி, இந்தப் பிள்ளைகள், எல்லாமே அரிக்கப்பட்ட இடம்தானா... இருக்கட்டும், அடுத்தது.

வீடா அது, பட்டி மாதிரி இருக்கிறது, கூரை எங்கேயோ உயரத்தில் இருட்டுக்குள் போகிறது, ஒரு ஏணி, சுவரெல்லாம் சட்டியும் துணியும், தரையில் மரப்பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியைப் பார்த்து ஆடு தண்ணி குடிக்கிற தொட்டி என்றாள் இவள், மேச்சேரியில் அவள் அப்பன் வீட்டில் அப்படித்தான் ஒன்று கிடந்தது. எதிர் டேபிள் மாரக்காள் அதெல்லாம் இல்லை, பிணப்பெட்டி, வெள்ளைக்காரன் முன்னாடியே செய்து வைத்துக்கொள்வான் என்றாள். வளவன் சிரித்து, தொட்டிலுங்க அது, குழந்தையைப் போடறது என்றான். பிள்ளையைக் கொண்டுபோய் யாராவது தரையில் பெட்டியில் போடுவார்களா. மகள் நித்யஸ்ரீக்கு விட்டத்தில் சேலைத் தொட்டில், வீட்டுக்காரர் சின்னராஜ்தான் கட்டினார், முதல் தடவை போர் போடுகிற ரிக் வண்டிக்குக் கிளம்பிய அன்றைக்கு, அவிழ்ந்து விழுந்துவிடப் போகிறது என்று மறுபடி ஏறி இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். பிள்ளை தொட்டிலை மறந்த பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க அவளால் முடியவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி அரிவாளால் அறுத்து எடுத்தாள், நல்ல சேலை, அறுக்கும்போது ஆத்திரமாக வந்தது. கட்டத் தெரிந்த மனுசன் அவிழ்க்க வந்திருக்க வேண்டாமா. அவர் அப்படிக் கிளம்பிப் பதினேழு வருசமாகிவிட்டது.

அந்த மனுசன்தான் இன்று காலை ஏழரைக்குக் கூப்பிட்டது. அடுப்பில் ரசம். அவர் காலையில் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான், சாப்ட்டீங்களா, ஆச்சு, பாப்பா படிக்குதா, படிக்குதுங்க, அங்க மழையா, இல்லீங்க, சரி வெச்சர்றேன், சரிங்க, இவ்வளவுதான் பேச்சு, பதினேழு வருசத்துப் பேச்சையும் சேர்த்து எழுதினாலும் ஒரு நோட்டு நிறையாது. இன்று வேறு மாதிரி. ராய்ப்பூர் பக்கம் போர் போட்டு முடிந்ததாம், வண்டி நாளைக்கு ஒடிசாவுக்கு நகர்கிறதாம், கூடப் போனால் இன்னும் பத்து மாசம், இல்லையென்றால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், சாயங்காலத்துக்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டுமாம். அப்புறம், கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு காது சுத்தமாகக் கேட்பதில்லை, ரெண்டு வருசமாச்சு என்றார், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. அவள் ரசத்தை இறக்கினாள். அப்போதுதான் கேட்டார்.

"வள்ளி, நான் வந்துபோடட்டுமா? ஒரேடியா?"

வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஒரு மணிக்குச் சோத்து நேரம், அப்பக் கூப்புடுங்க, சொல்றனுங்க என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது, சொந்த வீட்டுக்கு வருவதற்கு ஒரு மனுசன் பெண்டாட்டியிடம் கேட்கிறான், இவளும் யோசித்துச் சொல்கிறேன் என்று வைக்கிறாள். வாங்க என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், மூன்று எழுத்து, வேன்காரன் என்ன விட்டுவிட்டா போயிருப்பான்... ஏன் வரவில்லை வாயில்.

வீட்டில் இருக்கிற ஆம்பளை எப்படியிருப்பான் என்று அவளுக்குத் தெரியாமலா. அப்பன் ஒருநாள் கூட வெளியே தங்கியதில்லை, கல் உடைத்துவிட்டுப் பொழுது சாய வந்துவிடுவான், அவன் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா பேச்சை நிறுத்துவாள், பிள்ளைகள் நான்கும் சுவரோரம் ஒதுங்கும், அவன் தின்று முடித்துக் கை கழுவுகிறவரைக்கும் வீட்டில் ஒரு சொல் இருக்காது. அடித்தான் என்று சொல்ல முடியாது, அடிக்கவும் செய்தான், அது கணக்கில்லை, அவன் இருந்தான் என்பதுதான் கணக்கு. இந்தப் படத்துக்காரன் அப்படித் தெரியவில்லை. பெரிய மூக்கு, அமுங்கின தொப்பி, முழங்காலை அகட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியை அணைத்துக்கொண்டு... அவனைக் கண்டு யாரும் சுவரோரம் ஒதுங்கவில்லை, நாய் கூட ஒதுங்கவில்லை. அவன் இருக்கிறதே யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பெண்டாட்டி திரும்பியும் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு ஆள் வீட்டில் இருக்க முடியுமா, ஒரு சாமான் மாதிரி, மிதிபடாமல் மிதிக்காமல்.

பத்தரைக்கு டீ. மாரக்காள் வடையைப் பிய்த்துப் பாதி கொடுத்தாள், என்ன வள்ளி மூஞ்சி தொங்குது என்றாள், ஒன்றுமில்லை என்றாள் இவள். மாரக்காளிடம் சொன்னால் சிரிப்பாள். செக்கிங்கில் நிற்கிற பதினொரு பேரில் ஏழு பேர் வீட்டுக்காரர்கள் ரிக்கிலோ லாரியிலோதான் இருக்கிறார்கள், மாரக்காள் புருசன் நாக்பூர் லைன் லாரி, வந்தா விருந்தாளி, போனா ஊட்டுக்காரன் என்பாள் அவள், எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு அவரவர் டேபிளைப் பார்ப்பார்கள்.

டீக்குப் பிறகு பிரிண்டிங்கிலிருந்து புதுக் கட்டு வந்தது. கை வேகம் பிடித்துவிட்டது, பார்க்கவே வேண்டியதில்லை, துணி தானாகப் புரள்கிறது. மையை மாற்றினார்களோ என்னவோ, காலையில் இருந்ததை விட வீடு இப்போது வெளிச்சமாக இருக்கிறது, ஜன்னலோரம் வெயில் சதுரமாக விழுந்திருக்கிறது, கூரையில் கண்ணாடி ஓடு போட்ட வீட்டில் விடிகாலை விழுகிற மாதிரி. பெண்டாட்டி முகத்தில் கூட ஒரு தெளிவு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக அடுப்பைப் பார்க்கிறாள். நிற்கிற பிள்ளை வெயிலைப் பார்த்துக் கையை நீட்டுகிறது, நித்யாவும் சின்னதில் அப்படித்தான் தரையில் விழுகிற வெயிலைப் பிடிக்கப் போகும். இந்தப் படம் இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. பாஸ், பாஸ், பாஸ். ஒரு எண்ணெய்ப் பொட்டு, ஸ்டிக்கர். பாஸ்.

ஆடியில் வந்தாரே, என்ன ஆயிற்று அப்போது. ஒன்றும் ஆகவில்லை, அதுதான். மழைக்கு ரிக் நிற்கும், எல்லோரும் ஊருக்கு வருவார்கள், அவரும் வந்தார். கதவுக்கு நேரே கட்டிலைப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்து உட்கார்ந்தார், சத்தத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு, பகலில் தூங்கி ராத்திரியில் முழித்துக்கொண்டு. நித்யா பத்தொன்பது வயசுப் பெண், சொந்த வீட்டில் அப்பனுக்கு முன்னால் துப்பட்டா போட்டுக்கொண்டு நடந்தது. இவள் வேலை விட்டு வந்தால் சட்டியோடு வைத்து நின்றபடி நாலு வாய் தின்றுவிட்டு, பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டுகிறவள், அந்தச் சேரில் அவர் துண்டு கிடந்தது. மூன்று வேளையும் சுடச்சுடச் செய்தாள். செய்துவிட்டுச் சமையல்கட்டிலிருந்தே சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் அவளுக்கு வீம்பு வந்துவிட்டது, வடக்கே நாலு காசு பார்த்தவுடன் பெண்டாட்டி கூப்பிட்டால் திரும்பக் கூடாதோ, தட்டைக் கொண்டுபோய் ணங்கென்று முன்னால் வைத்தாள். ஐந்தாம் நாள். ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள், எந்தக் கெட்ட எண்ணத்திலும் இல்லை, அரிசி எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்கிற யோசனையில்தான் கேட்டாள், எப்பங்க வண்டி என்று. சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. அதற்கு மட்டும் சட்டென்று திரும்பினார். பார்த்தார். நாளான்னிக்கு என்றார். சோற்றுக்குத் திரும்பாத தலை அதற்கு எப்படித் திரும்பியது என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு எரிந்தது, பார், கேட்க வேண்டியதைக் கேட்டால் கேட்கிறது என்று... இன்று காலை வந்துபோடட்டுமா என்று கேட்டது அந்தப் பார்வைதான், வேறொன்றுமில்லை. அவர் மறக்கவில்லை.

சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது வீட்டில். நித்யா பெரியவளான சீர் அன்று எடுத்தது, அவர் வந்த ரயில் ஒருநாள் தாமதம், சீர் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்தார். ஸ்டுடியோக்காரன் அவரைத் தனியாக நிற்கவைத்து எடுத்து, முதல் நாள் போட்டோவில் இவளுக்குப் பக்கத்தில் சேர்த்துக் கொடுத்தான். நன்றாகத்தான் சேர்த்தான், வந்தவர்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், எல்லோர் நிழலும் இடப்பக்கம் விழுந்திருக்கும், அவர் நிழல் மட்டும் வலப்பக்கம். தினம் அதைத் துடைக்கிறாள், குறை கண்ட இடம், ஆனால் வீட்டுச் சுவரில் யார் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். வளவன் தோளில் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தான், முகம் சரியில்லை. செத்த இங்க வாங்கக்கா என்றான். டேபிள் தலைமாட்டில் கிளிப் போட்டுத் தொங்குகிற சாம்பிளுக்குப் பக்கத்தில் ஒன்றை விரித்துப் பிடித்தான்.

"இதுல என்ன இல்லீன்னு சொல்லுங்க."

பார்த்தாள். கறை இல்லை, ஓட்டை இல்லை. ஓரத்தையல் சரி. நாய் இருக்கிறது, ஏணி இருக்கிறது, தொட்டில் பெட்டி இருக்கிறது. சரியாத்தானே இருக்குது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சாம்பிளைப் பார்த்தாள். மறுபடி துண்டைப் பார்த்தாள். ஜன்னலோரம் வெயில் விழுந்த சதுரம்... அது வெயில் இல்லை. அங்கேதான் அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். தொப்பி, மூக்கு, ரொட்டி, கத்தி, அகட்டின முழங்கால், ஒன்றும் இல்லை, வெறும் துணி. அச்சடிக்கிற ஸ்கிரீனில் ஓட்டை அடைக்க ஒட்டியிருந்த டேப் நகர்ந்து அந்த ஆள் மேல் உட்கார்ந்துகொண்டதாம், அச்சு விழவில்லையாம். நாற்பத்தி ரெண்டு பீஸ், எல்லாம் அவள் டேபிளில் பாஸ் ஆனது. வளவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "முடி இழுத்தாக் கூடப் புடிக்கிற கண்ணுங்க உங்களுது. முழுசா ஒரு ஆம்பளையக் காணோம், அது எப்படீங்க தெரியாமப் போச்சு?" என்றான். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. வெளிச்சம்னு நெனச்சனுங்க என்றாள். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

மாரக்காள் எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, அந்தாளு போருக்குப் போயிட்டானாட்ட இருக்குது. மழைக்கு வந்துருவான், உடு."

டேபிள் முழுக்கச் சிரித்தது. வள்ளியாத்தாளும் சிரித்தாள், சிரிப்பு நிற்கிற இடம் தெரியாமல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு காலையிலிருந்து பார்த்த கட்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும், மொதல்ல அந்தாளு இருக்கறானான்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்பறம் என்று சொல்லிவிட்டு வளவன் போனான். நாற்பத்தி ரெண்டு தடவை. நாற்பத்தி ரெண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மடித்து வைத்திருக்கிறாள். ஒரு தடவை கூட உறுத்தவில்லை. உறுத்தாதது மட்டுமா, பிடித்திருந்தது, வீடு வெளிச்சமாக இருக்கிறது என்று தோன்றியது... ரொட்டி எங்கே என்று கூடக் கேட்கத் தோன்றவில்லையே. அந்தப் பிள்ளை கை நீட்டியது எதற்கு என்று நினைத்தாள், வெயிலுக்கா.

ஒரு மணிக்கு மணி அடித்தது. லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றாள். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. உடனே கூப்பிட்டுவிட்டார், பன்னிரண்டரையிலிருந்தே போனைக் கையில் வைத்திருப்பார் போல. பின்னால் யாரோ இந்தியில் கத்துவது கேட்டது, இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம்.

"சாப்ட்டியா?"

"இல்லீங்க."

"யோசிச்சியா?"

வாங்க என்று சொல்லலாம். மூன்று எழுத்து. சொன்னால் வந்துவிடுவார், கட்டில், டிவி, சேரில் துண்டு, மூன்று வேளையும் சுடச்சுட, இனி ஆடிக்கு ஆடி இல்லை, எல்லா நாளும், அவளுக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவளைத் தெரியாது, நாற்பத்து நாலு வயசில் இரண்டு பேர் ஒரு வீட்டில் புதிதாகக் குடி புகுவது. வேண்டாம் என்றால் ஒடிசா, அப்புறம் வேறொரு ஊர், அப்புறம் மற்ற காது.

"ஒடிசாவுக்குப் போறேன்னு மட்டும் முதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

இரும்புச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அப்ப வாரதா?"

அவள் ஏனோ வேறொன்றைக் கேட்டாள். "ஏனுங்க, எந்தக் காதுங்க?"

"என்ன?"

"கேக்கறதில்லீன்னீங்களே. சோத்தாங்கைப் பக்கமா, நொட்டாங்கைப் பக்கமா?"

"சோத்தாங்கைப் பக்கம். எதுக்குக் கேக்கற?"

எதுக்கு என்று அவளுக்கும் அப்போது தெரியவில்லை. சும்மாதானுங்க, அப்பறம் பேசறேன் என்று வைத்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சோத்தாங்கைப் பக்கம், வலக்காது... கட்டில் கதவுக்கு நேரே, அவர் டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் சமையல்கட்டு எந்தப் பக்கம், கண்ணை மூடி வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் தானே உட்கார்ந்து பார்த்தாள், சமையல்கட்டு வலப்பக்கம். ஜன்னல் இடப்பக்கம். ஐந்து நாளும் வலப்பக்கத்திலிருந்துதான் சோற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எப்பங்க வண்டி என்று கேட்டது இடப்பக்கத்திலிருந்து. ஐந்து நாளில் அவர் காதில் சரியாக விழுந்தது அந்த ஒன்றுதான்.

உள்ளே போய்க் கை கழுவினாள். டப்பாவைத் திறந்தாள், ரசம் சாதம் ஆறிக் கட்டியாக இருந்தது. அவர் ஜன்னலோரம் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் சமையல்கட்டிலிருந்து கூப்பிடுவது இடக்காதில் விழும். ஜன்னலோரத்தில் நித்யாவின் படிக்கிற மேசை இருக்கிறது. மேசையை எடுத்தால் வேறெங்கே போடுவது, வேறு வெளிச்சமான இடம் வீட்டில் கிடையாது... அவள் சோற்றைப் பிசைந்தபடி சாம்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அறுத்துக்கொண்டே இருந்தான். அவள் மனசுக்குள் அந்த மேசை எந்த மூலையிலும் உட்காரவில்லை.